யாருடைய சித்தம்?



கோயிலில் ரெண்டு பேச்சு உண்டு. ரெண்டையும் ஒரே வாய்தான் பேசும்.

கூலி உயர்த்திக் கேட்ட பையன் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால், குடிசை தீப்பிடித்தால், வைத்தியம் பார்க்க வழியில்லாமல் பிள்ளை செத்தால், "எல்லாம் தேவ சித்தம், நம்ம கையில என்ன இருக்கு?" என்பது ஒரு பேச்சு. அதே பையன் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்தால், பரீட்சையில் தவறினால், காணிக்கைப் பாக்கி வைத்தால், "கடவுள் உனக்குச் சுயசித்தம் குடுத்திருக்கார், நீயாத்தான் கெட்டுப்போன" என்பது இன்னொரு பேச்சு. நமக்கு நடக்கிற அநியாயத்தில் நமக்குச் சித்தமே கிடையாது. நாம் செய்கிற தப்பில் மட்டும் முழுச் சித்தம் உண்டு. இந்தக் கணக்கை எழுதியது யார்? யாருக்கு லாபமாக எழுதினார்கள்? இந்தத் தலையங்கம் அதைப் பற்றியது.

ஒரு விடுதலை இதழுக்கு வேதசாஸ்திர வழக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்பார்கள். கடவுளே இல்லை என்றான பிறகு கடவுள் கொடுத்த சித்தத்தைப் பற்றி என்ன பேச்சு? கேள்வி நியாயமானது. ஆனால் கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் பேரால் சொல்லப்பட்ட ஒரு கருத்து நம்ம சனங்களின் முதுகின் மேல் வேலை செய்திருக்கிறது. போராட்டத்துக்குக் கூப்பிடப் போகிற வீட்டில், "நடக்கிறது நடக்கும் தம்பி" என்று சொல்கிற அம்மாவிடம் நாம் பேசியாக வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர், "நான் கஷ்டப்படுறது என் பாவத்தாலயா அண்ணா?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். "கடவுள் இல்லை" என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

*

முதலில் கிறித்தவம் என்ன சொல்கிறது என்பதை நேர்மையாகப் பார்த்துவிடுவோம். நம்ம பாட்டன் பாட்டிகள் உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்ட மதம் இது. அதைக் குறைத்துச் சொல்லி ஜெயிப்பதில் பெருமை இல்லை.

ஆதியாகமத்தின் தோட்டக் கதையில் மனுசனுக்கு முன்னால் ஒரு மரமும் ஒரு கட்டளையும் வைக்கப்படுகின்றன. மீற முடியும் என்பதால்தான் அது கட்டளை. மோசே சாகப்போகிற நேரத்தில் சனங்களுக்கு முன்னே வாழ்வையும் சாவையும் வைத்துத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார். தேர்ந்துகொள்ள முடியாதவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? ஆனால் அதே வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதும்போது வேறு குரலில் பேசுகிறார். நல்லது எது என்று தெரிகிறது, செய்ய ஆசையும் இருக்கிறது, செய்து முடிப்பது என்னவோ கெட்டதாகவே இருக்கிறது என்று புலம்புகிறார். இந்த ரெண்டு குரலுக்கும் நடுவில்தான் இத்தனை நூற்றாண்டுச் சண்டை.

சண்டையைப் பெரிதாக்கியவர்கள் ரெண்டு பேர். ஒருவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகஸ்டின் (354–430). இன்னொருவர் பிரிட்டன் பக்கமிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலாஜியஸ். பெலாஜியஸ் சொன்னது எளிது: கடவுள் ஒன்றைச் செய் என்கிறார் என்றால் மனுசனால் அது முடியும், முடியாததைச் செய்யச் சொல்லிவிட்டுத் தண்டிக்கிறவர் கொடுமைக்காரர். அகஸ்டின் ஒத்துக்கொள்ளவில்லை. தன் இச்சையே பழக்கமாகி, பழக்கமே சங்கிலியாகித் தன்னைக் கட்டிப்போட்டதை அவர் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர். மனுசனுக்குச் சித்தம் உண்டு, ஆனால் அது ஆதாமின் பாவத்தால் கோணிப்போனது, தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள அதனால் ஆகாது, கடவுளின் அருள் வேண்டும் என்றார். 418ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தார்கள். அதற்குப் பிறகு மேற்கத்தியத் திருச்சபையின் பொதுப் பாதை அகஸ்டின் போட்டதுதான். 1547ல் திரெந்துப் பொதுச்சங்கம் அதைக் கொஞ்சம் தளர்த்தி, மனுச சித்தம் பலவீனப்பட்டதே தவிர அணைந்துபோகவில்லை என்று எழுதிவைத்தது.

அகஸ்டின் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். இப்போது கேட்க வேண்டியது, இந்தக் கோணல் சித்தத்தை வைத்து அவர் அடிமைத்தனத்துக்கு என்ன விளக்கம் சொன்னார் என்பது. 'கடவுளின் நகரம்' என்கிற நூலின் 19ஆம் புத்தகத்தில் அதை எழுதுகிறார். மனுசனை மனுசன் ஆளும்படி கடவுள் படைக்கவில்லை என்று சரியாகத்தான் தொடங்குகிறார். இயற்கையால் யாரும் அடிமை இல்லை என்கிறார். அப்புறம் அடிமைத்தனம் எப்படி வந்தது? பாவத்தின் தண்டனையாக வந்தது என்கிறார். ஆகவே அடிமை மனம் ஒப்பி எஜமானுக்கு வேலை செய்யட்டும், அநியாயம் ஒழிகிற காலம் வரைக்கும் என்று முடிக்கிறார்.

அடிமையின் காதில் இது எப்படி விழும்? பாவம் எல்லா மனுசருக்கும் பொது என்கிறார்கள். சரி. தண்டனை மட்டும் ஏன் ஒருத்தன் தலையில்?

அண்ணல் அம்பேத்கர் மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலைமை பற்றி எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். இந்துவாக இருந்தபோது உன் கேட்டுக்கு உன் கர்மம் காரணம் என்று சொன்னார்கள். கிறித்தவனான பிறகு உன் முன்னோனின் பாவம் காரணம் என்கிறார்கள். ரெண்டிலும் அவனுக்குத் தப்ப வழியில்லை என்றார். அவனைச் சுற்றியிருக்கிற சமூகம்தான் காரணம் என்று சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கர்மமும் ஆதிபாவமும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். கர்மம் ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு வைக்கிறது. ஆதிபாவம் பிராமணனையும் பறையனையும் ஒரே குழியில் தள்ளுகிறது. அந்த அளவுக்கு அதில் ஒரு சமத்துவம்கூட இருக்கிறது. ஆனால் குழியிலிருந்து ஏறுகிற ஏணியை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் வித்தியாசம் மறைந்துபோகிறது.

*

இந்த வழக்கு வெறும் புத்தகச் சண்டை இல்லை என்று தெரிந்துகொள்ள ஐந்நூறு வருசத்துக்கு முந்தைய ஜெர்மனிக்குப் போகவேண்டும். எங்கெல்ஸ் 1850ல் எழுதிய 'ஜெர்மனியில் விவசாயிகள் போர்' படித்த தோழர்களுக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும். மீதிப் பாதி இது.

1524 செப்டம்பரில் எராஸ்மஸ் என்கிற பேரறிஞர் சுயசித்தத்தை ஆதரித்து ஒரு நூல் வெளியிட்டார். மார்ட்டின் லூதர் அதற்கு 1525 டிசம்பரில் மறுப்பு எழுதினார். மறுப்பின் தலைப்பே 'அடிமைப்பட்ட சித்தம்' என்பதுதான். மனுச சித்தம் சுமை மிருகம் மாதிரி, கடவுள் ஏறினால் கடவுள் வழி போகும், சாத்தான் ஏறினால் சாத்தான் வழி போகும், யார் ஏறுவது என்று அது முடிவு செய்ய முடியாது என்பது அவர் சொன்ன உவமை. வேதசாஸ்திரக் கல்லூரிகளில் இந்த ரெண்டு நூலையும் அடுத்தடுத்து வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். ரெண்டுக்கும் நடுவில் இருந்த பதினைந்து மாதத்தில் என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

1525 மார்ச்சில் மெமிங்கன் என்கிற ஊரில் விவசாயிகள் கூடி 12 கோரிக்கைகளை எழுதி அச்சிட்டார்கள். எழுத உதவியவர் செபாஸ்டியன் லோட்சர், கம்பளித்தோல் தைக்கிற ஒரு தொழிலாளி. கோரிக்கைகளைக் கேளுங்கள். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம், தவறினால் நாங்களே நீக்குவோம். காட்டில் விறகு வேண்டும், ஆற்றில் மீன் வேண்டும். கூடுதல் வெட்டிவேலை கூடாது. குத்தகையைக் குறைக்க வேண்டும். குடும்பத் தலைவன் செத்தால் விதவையிடமும் அநாதைப் பிள்ளைகளிடமும் பிரபு பிடுங்குகிற சாவு வரி ஒழிய வேண்டும். மூன்றாவது கோரிக்கைதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர்: கிறிஸ்து ஆடு மேய்க்கிறவனையும் அரசனையும் வித்தியாசமில்லாமல் தன் ரத்தத்தால் மீட்டார், ஆகவே நாங்கள் யாருக்கும் பண்ணையடிமைகள் இல்லை. பன்னிரண்டாவது கோரிக்கை இன்னும் அழகு: இதில் எதுவாவது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் நாங்கள் விட்டுவிடுகிறோம் என்றார்கள். சித்தமில்லாத மிருகங்களா இப்படிப் பேசும்?

லூதர் என்ன பதில் சொன்னார்? 1520ல் கிறித்தவனின் சுதந்திரம் பற்றி நூல் எழுதியவர் அவர்தான். முதல் பதிலில் பிரபுக்களையும் கண்டித்தார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மூன்றாவது கோரிக்கை கிறித்தவ சுதந்திரத்தை மாம்சத்துக்குரியதாக ஆக்குகிறது என்றார். ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே, அடிமையாய் இருந்துகொண்டே கிறித்தவ சுதந்திரத்தோடு வாழலாமே என்றார். கலகம் முற்றியதும் மே மாதம் எழுதிய துண்டு நூலில், விவசாயிகளை வெட்டவும் குத்தவும் பிரபுக்களுக்கு உத்தரவு கொடுத்தார். மே 15 அன்று பிராங்கன்ஹவுசனில் விவசாயிகள் படை அழிக்கப்பட்டது. அவர்களோடு நின்ற போதகர் தாமஸ் மூன்ட்சரை மே 27 அன்று தலையை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் போரில் செத்தவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள்.

அந்த வருசக் கடைசியில்தான் 'அடிமைப்பட்ட சித்தம்' அச்சாகிறது. அதில் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது, தோழர்களே. இதைப் பல பேர் கவனிப்பதில்லை. கடவுள் சம்பந்தப்பட்ட விஷயத்தில்தான் மனுசனுக்குச் சுயசித்தம் இல்லையாம். அவனுக்குக் கீழே இருக்கிற விஷயத்தில், அதாவது அவனுடைய பணம், சொத்து, உடைமை விஷயத்தில் உண்டாம். சரி, பணமும் உடைமையும் யாரிடம் இருந்தன? பிரபுவுக்கு நிலத்தில் சுயசித்தம், குத்தகையில் சுயசித்தம், காட்டில் சுயசித்தம். பண்ணையடிமைக்கு மேலேயும் சித்தமில்லை, கீழேயும் சித்தமில்லை. அவனே அடுத்தவனுடைய 'கீழே இருக்கிற விஷயம்'.

லூதரைத் திட்டித் தீர்ப்பது என் வேலை இல்லை. அவர் தாய்மொழியில் வேதத்தைக் கொடுத்தார். அதைப் படித்துத்தான் விவசாயிகள் எழுந்தார்கள். நான் சொல்ல வருவது, சுயசித்தத்தின் எல்லையைப் பற்றிப் பேசுகிற எவனும் முதலில் தான் எந்த இடத்தில் நின்று பேசுகிறான் என்று சொல்லியாக வேண்டும் என்பதுதான்.

*

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 1667ல் அமெரிக்காவின் வர்ஜீனியாக் காலனியில் ஒரு சட்டம் போட்டார்கள்: ஞானஸ்நானம் வாங்கினாலும் அடிமை அடிமைதான். ஆத்துமா கிறிஸ்துவுக்கு, உடம்பு தோட்டக்காரனுக்கு. 1807ல் லண்டனில் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று தனியாக ஒரு வேதாகமம் அச்சடித்தார்கள். எகிப்திலிருந்து இஸ்ரயேலர் விடுதலையான கதை அதில் இல்லை. கிறிஸ்துவில் அடிமையென்றும் சுதந்திரனென்றும் இல்லை என்று பவுல் எழுதிய இடம் இல்லை. கீழ்ப்படியச் சொல்லும் இடங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. அடிமைக்குச் சித்தம் கிடையாது என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் அந்தப் பக்கங்களை வெட்டி எடுக்க வேண்டிய அவசியம் என்ன? பயந்துதான் வெட்டினார்கள்.

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

நம் முன்னோர் கிறித்தவத்துக்குப் போனதைப் பற்றி ஊரில் ஒரு ஏச்சு உண்டு. கஞ்சிக்குப் போனவன், கோதுமைக்குப் போனவன் என்பார்கள். 1876–78 பஞ்சத்தில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தது உண்மைதான். பசித்தவன் கஞ்சி கொடுக்கிற கையைத் தேடிப் போவது சித்தம் இல்லையா? கஞ்சி ஊற்றாதவனின் சாமியை விட்டுவிடுவது தேர்வு இல்லையா? வயிறு நிறைந்தவன் மதம் மாறினால் அது ஞானத் தேடல், வயிறு காய்ந்தவன் மாறினால் அது ஏமாந்த கதை. இந்த வித்தியாசத்தைச் சாதிதான் வைக்கிறது.

பஞ்சமும் இல்லாமல் யாரும் கூப்பிடாமலே போனவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பி, தன் சனங்களுக்குப் போதகர் வேண்டும் என்று கேட்டுக் காத்திருந்தார். ரிங்கல்தௌபே என்கிற மிஷனரி திருவிதாங்கூருக்கு வந்தது 1806ல், அவர் கேட்டதால். பஞ்சாபில் சியால்கோட் பக்கத்தில் தித் என்ற ஒருவர், சூஹ்ரா சாதி, கால் ஊனம், தோல் வாங்கி விற்கிற தொழில். 1873ல் மிஷனரியிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார். இங்கேயே தங்கிப் படி என்று மிஷனரி சொன்னார். அவர் கேட்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு தன் சனங்களிடமே திரும்பிப் போனார். அவர் பின்னால் ஆயிரமாயிரமாக வந்தார்கள். ரெண்டு கதையிலும் மிஷனரி பின்னால்தான் வருகிறார். முதலில் நடந்தது நம்ம ஆள்.

1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, ஆனால் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். மனுச சித்தத்தின் பொருளும் எல்லையும் அந்த ஒரு அறிவிப்பில் அடங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். பிறப்பு எல்லை. அதற்கு மேல் நடப்பது தேர்வு. 21 வருசம் யோசித்து, படித்து, 1956ல் பௌத்தத்தைத் தேர்ந்தார்.

அவர் அறிவித்த மறு வருசம், 1936ல், அமெரிக்கக் கிறித்தவத் தலைவர் ஜான் மாட்டிடம் காந்தி பேசும்போது, ஒரு பசுவிடம் போய் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டார். மதங்களின் தராதரத்தைப் பிரித்தறிவதில் தீண்டப்படாதவர்களில் சிலர் பசுவைவிடக் கீழானவர்கள் என்றார். லூதரின் சுமை மிருகம், காந்தியின் பசு. நமக்கு மட்டும் ஏன் எப்போதும் மிருக உவமை?

பேச்சோடு போகவில்லை, சட்டமாகவும் வந்தது. 1967ல் ஒரிசா போட்ட மதமாற்றத் தடைச் சட்டத்தில், கட்டாயமாகவோ ஆசைகாட்டியோ மதம் மாற்றினால் ஒரு வருசச் சிறை. மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியாகவோ இருந்தால் ரெண்டு வருசம். 2002ல் ஜெயலலிதா அரசு இங்கே கொண்டுவந்த சட்டத்திலும் அதே வரிசை: மற்றவர்களுக்கு 3 வருசம், இவர்களுக்கு 4 வருசம். 2004 தேர்தலில் தோற்ற பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். அது தனிக் கதை. வரிசையைப் பாருங்கள். சிறு பிள்ளை, பெண், தலித், ஆதிவாசி. பாதுகாப்பு என்றுதான் சொல்வார்கள். வன்கொடுமையிலிருந்து பாதுகாக்கக் கூப்பிட்டால் போலீஸ் வருவதற்குள் சாம்பல் ஆறிவிடுகிறது. நம் மனசைப் பாதுகாக்க மட்டும் முந்திக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொரு பக்கம் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் தாழ்த்தப்பட்டோர் ஆகமாட்டார் என்கிறது அதன் மூன்றாவது பத்தி. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் நம்ம கிறித்தவச் சனம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போச்சு. 1985ல் சூசை வழக்கு, ரோட்டோரத்தில் செருப்புத் தைக்கிறவருக்குப் பெட்டிக்கடை கொடுப்பது சம்பந்தமான வழக்கு. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஊனம் தொடர்கிறது என்று நிரூபி என்றது உச்ச நீதிமன்றம். 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது. 2022ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இதற்கிடையில் 2015ல் உச்ச நீதிமன்றம், இந்து மதத்துக்குத் திரும்பி வந்து சாதியாரும் ஏற்றுக்கொண்டால் பழைய சாதிச் சலுகை திரும்பக் கிடைக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. நாம் எங்கே போனாலும் சாதி வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.

1667ல் வர்ஜீனியாக்காரன், ஞானஸ்நானம் எதையும் மாற்றாது என்றான். இங்கே 1950ல், ஞானஸ்நானம் சான்றிதழை மட்டும் மாற்றும் என்றார்கள். தெரு மாறவில்லை, சுடுகாடு மாறவில்லை, வேலை மாறவில்லை. சுயசித்தம் உனக்கு உண்டு, பயன்படுத்தினால் அபராதம் கட்டு என்பதற்குப் பேர் மனச்சாட்சிச் சுதந்திரமாம்.

*

அரசைச் சொன்ன வாயால் திருச்சபையையும் சொல்ல வேண்டும்.

எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியக் கிறித்தவர்கள். அந்தச் சாவுகளையும் நான் சாதியின் கணக்கில்தான் எழுதுகிறேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே எழுப்பிய சுவர் நாடறிந்தது. 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது.

இதையெல்லாம் பேசப் போனால் மேலிடத்திலிருந்து ஒரு பதில் வரும். "மனமாற்றம் தானா வரணும். கட்டாயப்படுத்த முடியாது. அன்பு சுதந்திரமானது." எவ்வளவு அழகான வேதசாஸ்திரம்! சாதி பார்க்கிறவனுடைய சுயசித்தத்துக்கு இத்தனை மரியாதை. அவன் மனசு கனியும் வரைக்கும் காத்திரு என்று நமக்குப் புத்தி. காணிக்கை விஷயத்தில், கலப்பு மண விஷயத்தில், சபைச் சொத்து விஷயத்தில் இவர்களுக்குக் கட்டாயப்படுத்தத் தெரியாதா? 1833ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தைச் சபைக்குள் உடனே, அடியோடு ஒழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் பல இடங்களில் வெளிநடப்புச் செய்தார்கள். உத்தரவு போடவும் சபைக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. போட்ட உத்தரவில் நிற்கத்தான் திராணியில்லாமல் போனது.

ஆக மூன்று கணக்கு. ஒடுக்குகிறவனுக்குச் சுயசித்தம், அதைத் தொடக்கூடாது. ஒடுக்கப்பட்டவன் துன்பத்துக்குத் தேவ சித்தம், அதைக் கேட்கக்கூடாது. ஒடுக்கப்பட்டவன் தப்புக்கு மறுபடி சுயசித்தம், அதற்குத் தண்டனை. நான் எதிர்ப்பது இந்தக் கணக்கை.

*

அப்படியானால் சுயசித்தத்துக்கு நம்ம பொருள் என்ன?

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் பெதஸ்தா குளத்தங்கரைக் கதை இருக்கிறது. தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம். 38 வருசமாக நோயில் கிடந்த ஒருவனைப் பார்த்து, சுகமாக விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னைக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட ஆள் இல்லை, நான் போவதற்குள் வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்கிறான்.

நான் இந்த இடத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். பிரசங்கங்களில் அவனைச் சாக்குச் சொல்கிறவன், விசுவாசம் இல்லாதவன் என்று இழுப்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவன் சொன்னது சேரி சொல்கிற பதில். எனக்கு விருப்பம் இருக்கா என்று கேட்கிறாயா? வரிசையைப் பார். முந்துகிறவனுக்கே சுகம் என்று வைத்தவன் யார் என்று கேள். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உன் பாவத்தால் கிடந்தாய் என்று அந்த நேரத்தில் சொல்லவும் இல்லை. குளத்தில் தூக்கிப் போடவும் இல்லை. அந்த வரிசையே வேண்டாம், எழுந்து பாயை எடுத்துக்கொண்டு நட என்கிறார். அன்றைக்கு ஓய்வு நாள். பாயைத் தூக்குவது சட்டவிரோதம். 38 வருசம் அவன் கிடந்ததைப் பற்றிக் கேட்காத அதிகாரிகள், பாயைத் தூக்கச் சொன்னது யார் என்று விசாரிக்க வந்துவிட்டார்கள்!

இதில் சித்தம் என்பது என்ன? முதலில், ஒருவன் வந்து அவனைக் கேட்டான், 38 வருசத்தில் யாரும் கேட்காததை. அடுத்து, அவன் தன் நிலைமையைத் தன் வாயால் சொன்னான். அப்புறம், போட்டிருந்த கட்டளை ஒன்றை மீறி எழுந்தான். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அதற்குச் சித்தம் என்று பேர். நெஞ்சுக்குள் பூட்டி வைத்த ஆசைக்கு அந்தப் பேர் இல்லை. அருள் மேலிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். வரும்போது அது ஆள் ரூபத்தில் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 'ஆள் இல்லை' என்றவனுக்கு ஆளாக நிற்பதற்குப் பேர்தான் சங்கம்.

எல்லைகளைப் பற்றியும் தெளிவாக இருப்போம். எந்த வயிற்றில் பிறந்தோம், என்றைக்குச் சாவோம் என்பது நம் கையில் இல்லை. அது மனுசனாகப் பிறந்த எல்லோருக்கும் உள்ள எல்லை. இன்னொரு எல்லை மனுசன் போட்டது: சேரி, தனிக் கல்லறை, மூன்றாவது பத்தி. மனுசன் போட்டதை மனுசன் எடுக்கலாம். இதைப் போய்க் கடவுள் போட்டது என்று சொல்வதுதான் தேவதூஷணம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில்தான் அகஸ்டினுக்கு நான் தலையாட்டுகிறேன். கோணல் சித்தம் எஜமானுக்கு மட்டும் உள்ளது இல்லை. அருந்ததியர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிற நம்ம கை. கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மனைவியை அடிக்கிற நம்ம கை. நல்லது எது என்று தெரியும், மேடையில் சொல்லவும் தெரியும், செய்ய மட்டும் வரவில்லை. பவுல் புலம்பியது நமக்கும் பொருந்துகிறது. இந்தக் கோணலை ஒருத்தன் தனியாக நிமிர்த்த முடியாது என்று அகஸ்டின் சொன்னது சரி. தோழர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லணும், கேட்கிறவன் கேட்டுக்கணும். ஆண் தோழர்களிடம் பெண் தோழர்கள் கேட்கிற கேள்விக்குத் 'தேவ சித்தம்' மாதிரியே 'சமூக அமைப்பு' என்று பதில் சொல்லித் தப்பிக்கிறோம்.

நாத்திகத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 'புறநிலைமை கனியவில்லை' என்று சொல்லிச் சொல்லியே சாதிப் பிரச்சினையைத் தள்ளிவைத்த கட்சிகளைப் பார்த்தவர்கள் நாம். முன்குறிக்கப்பட்ட விதி என்பதற்கும் அதற்கும் பேர்தான் வேறு.

பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று தன் விருப்பத்தோடு கன்னியர் மடத்துக்குள் போன ஒரு தலித் பெண், உள்ளே இருக்கும் சாதியைப் பார்த்துவிட்டுத் தன் விருப்பத்தோடு வெளியே வந்த கதை அது. கீழ்ப்படிதல் என்கிற வாக்குறுதிக்கு மேல் இன்னொரு குரல் இருந்தது. அதைக் கேட்டு நடந்ததற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவரை விசுவாசமில்லாதவர் என்று யாராவது சொன்னால், எந்தச் சித்தத்தை அவர் மீறினார் என்று திருப்பிக் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை. மூன்றாவது பத்தி நீக்கம் கிறித்தவர்களின் கோரிக்கை என்று ஒதுங்காமல் எல்லா தலித் அமைப்புகளும் கையில் எடுக்க வேண்டும். இருக்கிற ஒதுக்கீட்டில் பங்கு குறையும் என்கிற பயம் நம் இந்து, பௌத்தத் தோழர்களுக்கு இருக்கிறது, அதை உட்கார்ந்து பேசி, அளவைக் கூட்டக் கேட்பதோடு சேர்த்துக் கேட்போம். பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் கல்லறைச் சாவியிலும் நம் ஆள் இருக்க வேண்டும்; மெமிங்கன் விவசாயி முதல் கோரிக்கையாகவே அதை வைத்தான். படிப்பு வட்டங்களில் அந்த 12 கோரிக்கைகளையும் பெதஸ்தா கதையையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள், பெரியவர்களையும் கூட்டி உட்காரவைத்துப் படியுங்கள். அடுத்த முறை பிரசங்கத்தில் "தேவ சித்தம்" என்று கேட்டால், ஆராதனை முடிந்து வாசலில் நின்று, "எந்த தேவன், யாருக்குச் சொன்னார்?" என்று மரியாதையோடு கேளுங்கள்.

இதை மறுத்து எழுத விரும்புகிற போதகர்களும் தோழர்களும் எழுதலாம். அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்